சைலன்ஸ் பொத்தானை அழுத்தியவர்

மதர், நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் நர்ஸ் பொன்மலரைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறீர்கள் என்று எங்கள் மேனேஜர் சொன்னார். அதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள். கம்பெனி பெயரில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வரும். அதைத் தயாரிக்கிறவளும் நான்தான். ஆனால் அது இரண்டு பக்கம். இரண்டு பக்கத்தில் ஓர் ஆளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? பொன்மலரை நான் பத்தொன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

எனக்கு அவள்மேல் தனிக் கோபம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளை வேலையில் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் விஷயம். நான் சொல்லப்போவதெல்லாம் தேதியோடு, மணியோடு குறித்து வைத்திருப்பவை. குறித்து வைப்பது என் பழக்கம். என் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார். "எல்லாரையும் எழுதி வெக்கிறியே, என்னையும் எழுதி வெச்சிருக்கியா?" என்பார். வைத்திருக்கிறேன். குழந்தைக்கு மருந்து கொடுக்கச் சொன்னால் இரண்டு முறை பதினைந்து நிமிஷம் தாமதமாகக் கொடுத்தார்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வினோதினி. எட்டு மாதத்துக்கு முன்னால் என் மகன் நிமலன் உங்கள் ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்றாவது வாரத்திலேயே பிறந்தான். ஒரு கிலோ அறுநூறு. காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவீர்கள். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நீங்கள் போட்ட அன்றைக்கெல்லாம் அவன் நாற்பது கிராம், ஐம்பது கிராம் ஏறினான். அதையும் குறித்திருக்கிறேன்.

அவன் படுத்திருந்த வார்மர் எங்கள் கம்பெனி செய்தது. குறைமாதக் குழந்தையின் மேலே ஹீட்டர், வயிற்றில் ஒட்டிய சென்சார், பக்கத்தில் சூட்டைக் காட்டும் திரை, கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு சைலன்ஸ் பொத்தான். அலாரம் அடித்தால் அந்தப் பொத்தானை அழுத்தலாம். இரண்டு நிமிஷம் சத்தம் நிற்கும். அதற்குள் சூடு சரியாகாவிட்டால் மறுபடி அடிக்கும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் செய்த பெட்டிக்குள் என் பிள்ளையே படுத்திருந்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பத்தொன்பது நாளும் நான் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினேன். பொன்மலர் டியூட்டியில் இருந்தபோது மட்டும் நாற்பத்தொரு தடவை அலாரம் அடித்தது. நாற்பத்தொரு தடவையும் அவள் பொத்தானை அழுத்தினாள். எதனால் தெரியுமா? முழங்கையால். திரும்பிக்கூடப் பார்க்காமல், போகிற போக்கில் கதவை இடித்துச் சாத்துகிற மாதிரி முழங்கையால் ஓர் இடி. பக்கத்தில் பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாளே என்ற எண்ணம்கூடக் கிடையாது.

ஆறாம் நாள் கேட்டேவிட்டேன். "மெஷினப் பாக்காமலே ஆஃப் பண்றீங்களே, ஏன்?"

"பிள்ளையப் பாத்துட்டுதானக்கா அமுக்குதேன். மெஷின்ல பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"கையால அழுத்தக் கூடாதா?"

"கை கழுவிருக்கேம்லா."

பார்த்தீர்களா மதர், மெஷினைப் பார்ப்பதில்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். அந்தப் பதிலையும் தேதி போட்டுக் குறித்தேன். அன்றைக்கே ஒன்றும் நினைத்துக்கொண்டேன். திரும்ப வேலைக்குப் போனதும் இந்தப் பெட்டியைச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். யார் எப்போது பொத்தானை அழுத்தினாலும் பெட்டி எழுதி வைக்க வேண்டும். மனுஷர்கள் மறைப்பார்கள், பெட்டி மறைக்காது.

இங்கே கொஞ்சம் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் கடைசியில் நான் காட்டப்போகிற அத்தாட்சி உங்களுக்கு விளங்காது.

வார்மருக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு இருக்கிறது. அதில் ஓடும் புரோகிராமை இரண்டு பேர் எழுதுகிறோம். பெரிய பகுதி தினகரனுடையது. வினாடிக்கு ஒருமுறை குழந்தையின் சூட்டை வாங்கி, ஹீட்டரைப் போடுவதா அணைப்பதா என்று முடிவெடுத்து, திரையில் எண்ணைக் காட்டி, பதிவேட்டில் ஒரு வரி எழுதும். பதிவேடு என்றால் உள்ளேயே இருக்கும் ஒரு ஃபைல். இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால் அதை லூப் என்போம். என் பகுதி சிக்னல். பொத்தானை அழுத்தினால் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் போகும்.

நீங்கள் டியூட்டி ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது "மதர்" என்று கூப்பிட்டால், எழுதுகிற வார்த்தையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வீர்கள். புரோகிராமுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சிக்னல் வந்தால் பாதி எழுத்தில் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உறைந்து நிற்கும். ஹேண்ட்லர் என்று ஒரு சின்னப் பகுதி எழுந்து வந்து, வந்த காரியத்தைக் கவனிக்கும். ஹேண்ட்லர் முடித்துவிட்டுப் போனால்தான் மற்றது அசையும். அதுவரை அசையாது.

சிக்னலை வாங்கி ஹேண்ட்லரிடம் ஒப்படைப்பது சி லைப்ரரியின் வேலை. லைப்ரரி என்றதும் புத்தக அலமாரி என்று நினைத்துவிடாதீர்கள். எழுது, படி, தூங்கு, எழுப்பு என்று எல்லாப் புரோகிராமுக்கும் வேண்டிய பொது வேலைகளை யாரோ முன்னாலேயே எழுதித் தொகுத்து வைத்தது. எங்களுடையது சின்னப் போர்டுகளுக்கென்றே சின்னதாக எழுதிய லைப்ரரி. அதற்கான குறிப்புகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஹேண்ட்லருக்குள் இருக்கும்போது எந்தெந்த வேலையை மட்டும் கூப்பிடலாம் என்ற பட்டியல். ஞானோபதேசம் மாதிரி எனக்கு மனப்பாடம். பதிவேட்டில் எழுதுவது அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கை எழுதிவிடக் கூடாது என்று லைப்ரரி ஒரு பூட்டு வைத்திருக்கிறது. எழுத வருகிறவர் பூட்டிக்கொண்டு எழுதுவார், முடித்ததும் திறப்பார். இன்னொருவர் வந்தால் திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். அவ்வளவுதான். இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்க வேண்டியிருக்காது. அதற்காக ஒரு விதி. விதிகளை அப்படியே பிடித்துக்கொள்கிறவள்தான் நான். ஆனால் ஒரு குழந்தையின் உயிர் என்று வரும்போது, யாரோ ஊர் பேர் தெரியாதவர் போட்ட பட்டியலையா பார்த்துக்கொண்டிருப்பது?

அதனால் ஹேண்ட்லருக்குள் ஒரு வரி சேர்த்தேன். பொத்தான் அழுத்தப்பட்டது, இத்தனை மணி, இத்தனை நிமிஷம், இத்தனை வினாடி என்று பதிவேட்டில் எழுதும் வரி. ஒரே வரி.

தினகரன் அதைச் சரிபார்க்கிற அன்றைக்கே பிடித்துக்கொண்டான். ஆபீஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவான்.

"ஏனுங்க வினோதினி, ஹேண்ட்லருக்குள்ள நின்னுக்கிட்டு எதுக்குங்க பதிவேட்டைத் தொடறீங்க? ஒரு கொடியத் தூக்கி வெச்சுட்டு வந்துருங்க. என்ற லூப் அந்த வரிய முடிச்சுட்டு, கொடியப் பாத்து, நிதானமா எழுதிக்கும்."

கொடி என்றால் ஓர் அடையாளம். பொத்தான் அழுத்தியாயிற்று என்ற அடையாளம் மட்டும்.

"உங்க லூப்ல எழுதினா அது உங்க கையில இருக்கும்," என்றேன்.

"இருந்தா என்னங்க?"

"அழிக்கலாம்."

"நான் எதுக்குங்க அழிக்கறேன்? அந்த நர்ஸ் புள்ளைங்க என்ன எனக்குக் கொழுந்தியாளுங்களா?"

"உங்களை அண்ணாங்கறாங்க. சர்வீஸுக்குப் போனா டீ குடுக்கறாங்க, முறுக்கு குடுக்கறாங்க."

"முறுக்கு நல்லா இருந்துச்சுங்க. அதுக்காக ஒருக்கா சும்மாவே சர்வீஸுக்குப் போனேன். அத வேணா எழுதி வெச்சுக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் விஷயத்தை மூடிவிடுகிற ஆள் அவன். உங்கள் வார்டில் வார்மர்களை மாட்டியதே அவன்தான். நர்ஸ்கள்மேல் புகார் வந்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று அவனுக்குக் கவலை இருக்காதா? அப்படித்தான் எனக்குப் பட்டது. நான் அந்த வரியை எடுக்க மறுத்தேன். இருநூறு தடவை பொத்தானை அழுத்திக் காட்டினேன். இருநூறும் ஒழுங்காக விழுந்தன. அதற்குமேல் அவன் வாதாடவில்லை. சரிபார்ப்புக் குறிப்பில் மட்டும், "இது என்றாவது ஒரு நாள் நின்று போகும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இது என்ன பேச்சு? மிரட்டுகிற மாதிரி இல்லையா? அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் உங்கள் வார்டின் நாலு வார்மருக்கும் இந்தப் புதிய புரோகிராமை ஏற்றினோம். வேறெங்கும் இன்னும் ஏற்றவில்லை. முதலில் உங்கள் வார்டுக்குத்தான் ஏற்ற வேண்டும் என்று கேட்டு வாங்கியது நான்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டாம் வார்மரில் ஒரு பெண் குழந்தை. ஒரு கிலோ முந்நூறு. இன்னும் பெயர் வைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கு அந்தக் குழந்தை சில்லிட்டுக் கிடந்தது. முப்பத்து நான்கு டிகிரி. அலாரம் அடிக்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டது, இப்போது பாலும் குடிக்கிறது என்று சொன்னார்கள். டியூட்டியில் இருந்தது பொன்மலர்.

அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் எனக்கும் வந்தது. நான்கைந்து வரிதான். சென்சார் பாதி கழன்று எண் ஏறி ஏறி இறங்கியதால் அலாரம் அடித்தது, இரண்டேகால் மணி வாக்கில் சென்சாரை ஒட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். திரையில் 36.5 இருந்தது. பிறகு மூன்றாம் தொட்டில் குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்ததால் டாக்டரோடு அங்கே நின்றேன். இடையில் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன், 36.5தான் இருந்தது. மூன்று மணிக்கு வந்து காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மெஷினை அணைத்துப் போட்டேன், குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

நான் இதை எப்படி வாசித்தேன் என்று சொல்கிறேன். திரையில் 36.5 இருந்தால் எதற்குக் காலைத் தொட வேண்டும்? எண்மேல் ஏன் சந்தேகம் வந்தது? தான் செய்த தப்பு தனக்குத் தெரிந்திருந்தால்தானே சந்தேகம் வரும். பால் கொண்டுவந்த அந்தக் குழந்தையின் அம்மாவும் 36.5 பார்த்தேன் என்கிறாளாம். தன் பிள்ளை இன்னும் அவர்கள் கையில் இருக்கும்போது எந்த அம்மா நர்ஸுக்கு எதிராகப் பேசுவாள்? நான் பேசினேனா, ஆறாம் நாள் ஒரு கேள்வி கேட்டதோடு சரி.

என் அத்தாட்சி பதிவேடு. இரண்டாம் வார்மரின் பதிவேட்டைப் புதன்கிழமை எடுத்தோம். மத்தியானம் இரண்டு மணி பதினாலு நிமிஷம் வரைக்கும் வினாடிக்கு ஒரு வரி அழகாக இருக்கிறது. கடைசி வரியில் "வெப்பம் 36." என்று இருக்கிறது. புள்ளியோடு நிற்கிறது. புள்ளிக்கு அப்புறம் எண் இல்லை. அதற்கப்புறம் மூன்று மணி ஆறு நிமிஷத்துக்கு "தொடக்கம்" என்று புது வரி. நடுவில் ஐம்பத்திரண்டு நிமிஷம் வெறும் வெள்ளை. பொத்தானை அழுத்தினேன் என்கிறாளே, அதற்கான வரி எங்கே? இல்லை. என் ஹேண்ட்லர் பொய் சொல்லாது. அழுத்தியிருந்தால் எழுதியிருக்கும்.

பாதி எண்ணில் ஒரு பதிவேடு எப்போது நிற்கும்? பிளக்கைப் பிடுங்கினால். அந்தச் சுவரில் ஒரே ஒரு பிளக்தான் கைக்கு எட்டும், நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செல்போன் சார்ஜ் போட அதைப் பிடுங்கியிருக்கிறாள். மூன்று மணிக்கு ஞாபகம் வந்து திரும்ப மாட்டியிருக்கிறாள். இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "மேட்டர் நர்ஸ் பக்கம் போயிருச்சுன்னா நமக்கு நல்லதும்மா. சீக்கிரம் எழுதிக் குடு," என்றார்.

தினகரனும் வந்தான். இந்தத் தடவை சத்தமாகப் பேசவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, "வினோதினி, அந்த ஒரு வரி இன்னும் உள்ளதானுங்க இருக்குது?" என்று கேட்டான்.

"ஏன், எடுத்துடலாம்னு பாக்கறீங்களா?"

"இல்லீங்க. நீங்களே ஒருக்கா பாத்துருங்கன்னு சொல்ல வந்தேன்."

என்ன மாதிரி ஆள் பாருங்கள். கண் முன்னால் அத்தாட்சி இருக்கும்போது என்னையே சந்தேகப்பட வைக்கிறான்.

இவ்வளவு நேரம் சொன்னது போதாது, அத்தாட்சியையும் கூடவே வைக்க வேண்டும் என்று நினைத்தேன். போர்டில் இரண்டு பதிவேடு உண்டு. முதலாவது நான் மேலே சொன்னது. இரண்டாவது, எங்கள் கம்பெனியை விட்டுப் போன யாரோ எழுதிய குட்டிப் புரோகிராமுடையது. தினகரனுடையதோடும் என்னுடையதோடும் ஒட்டாமல் தனியாக ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று எழுதும். அவ்வளவுதான். போர்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று தெரிந்துகொள்ள வைத்தது. யாரும் அதைத் திறந்து பார்ப்பதே கிடையாது. முழுமையாக இருக்கட்டும் என்று அதையும் பார்த்து உங்களுக்காகக் கையால் எழுதுகிறேன்.

2.00 இருக்கிறேன்
2.10 இருக்கிறேன்
2.20 இருக்கிறேன்
2.30 இருக்கிறேன்
2.40 இருக்கிறேன்
2.50 இருக்கிறேன்
3.00 இருக்கிறேன்

மதர், இரண்டு இருபதுக்கு அது எப்படி எழுதும்? பிளக்கைப் பிடுங்கிய பெட்டி எப்படி எழுதும்?

வேறு வார்மருடையதை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று எண்ணைப் பார்த்தேன். இரண்டாம் வார்மருடையதுதான். தினகரன் நடுவில் புகுந்து எழுதியிருப்பானோ என்று பார்த்தேன். புதன்கிழமை பதிவேட்டை எடுத்தது நானே. வேறு யார் கையும் படவில்லை. இருக்கிறேன், இருக்கிறேன் என்று அது பாட்டுக்கு எழுதியிருக்கிறது. கரண்ட் போகவில்லை. திரை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் முதல் பதிவேடு ஏன் பாதி எண்ணில் நின்றது?

அவள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். சரியாக அந்த நொடியில் தினகரனின் லூப் பூட்டைப் போட்டுக்கொண்டு "36." வரைக்கும் எழுதியிருக்கிறது. சிக்னல் வந்தது. லூப் பேனாவோடு உறைந்தது. என் ஹேண்ட்லர் எழுந்து வந்தது, பொன்மலர் அழுத்திய நேரத்தை எழுதுகிற அவசரத்தில் வந்தது. பதிவேடு பூட்டியிருந்தது. திறக்கும்வரை நின்றது. திறக்க வேண்டியவன் உறைந்து நிற்கிறான். அவன் அசைய வேண்டுமென்றால் ஹேண்ட்லர் முடிக்க வேண்டும். ஹேண்ட்லர் முடிக்க வேண்டுமென்றால் அவன் திறக்க வேண்டும். கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேனே, கொஞ்ச நேரம் இல்லை. நாள் கணக்கில், வருஷக் கணக்கில் நிற்கும். ஹீட்டர் அணைந்திருந்த நேரம் பார்த்து நின்றது. அணைந்தபடியே இருந்தது. திரையில் கடைசியாகக் காட்டிய எண் அப்படியே நின்றது. இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்ப அடிக்க வேண்டிய அலாரமும் அந்த லூப்புக்குள்தான் இருக்கிறது.

ஹீட்டர் எரிந்துகொண்டிருந்த நொடியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க மாட்டேன்.

வீட்டில் ஒரு போர்டு வைத்திருக்கிறேன். லூப்பை வினாடிக்கு ஒரு வரி என்று இல்லாமல் ஓயாமல் எழுதுகிற மாதிரி மாற்றி, சென்சாரை என் அக்குளில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஒழுங்காக வந்தது. ஏழாவது அழுத்தலில் எல்லாம் நின்றது. திரையில் 36.5. சென்சாரை எடுத்து ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டேன். 36.5 என்றது. ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை விட்டு ஐஸைத் துழாவினேன். 36.5.

மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை மதர். அடிக்கவும் இல்லை. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினால், முதலிலிருந்தே எனக்குத் தெரிந்து எழுதியது மாதிரி ஆகிவிடும். முறுக்குக்காக ஆளைக் குற்றம் சொன்னதும் செல்போன் சார்ஜ் என்று நானே கற்பனை செய்ததும் அங்கேயே இருக்கட்டும். கம்பெனி அறிக்கையை நான் கொடுக்கப் போவதில்லை. மேனேஜர் என்னைச் சும்மா விடமாட்டார். வீட்டுக்கடன் என் சம்பளத்தில்தான் போகிறது. பயமாகத்தான் இருக்கிறது. தினகரனிடம் காலையில் சொல்ல வேண்டும். அவன் கேலி செய்தால்கூடத் தேவலை. செய்யமாட்டான்.

பத்து மணிக்குப் பொன்மலருக்குப் பதிலாக என்னைக் கூப்பிடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் அதுவரை பொறுக்க முடியாது என்று தோன்றியது. அந்த நாலு வார்மரிலும் இப்போது குழந்தைகள் படுத்திருக்கின்றன. யாராவது பொத்தானை அழுத்தினால் போதும். வார்டுக்குப் போன் செய்தேன். பதினோரு தடவை மணி அடித்தபிறகுதான் எடுத்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வாய் வரை வந்தது.

"பேபி வார்டு. ஜெபராணி பேசறேன்."

"நாலு வார்மர்லயும் சைலன்ஸ் பொத்தான யாரும் தொடக் கூடாதுங்க."

"நீங்க யாருங்க?"

"மெஷின் கம்பெனில இருந்து பேசறேன்."

"அலாரம் அடிச்சா?"

"அடிக்கட்டும்."

"ஒண்ணு கத்துனா எல்லாக் குழந்தையும் எந்திரிச்சுக்குங்க."

"எந்திரிக்கட்டுங்க. சரியான சூடு வந்தா தானா நிக்கும். பொத்தான மட்டும் தொடாதீங்க."

"போன்ல சொன்னா ஆகாதுங்க. ரெஜிஸ்டர்ல ஏத்தாம செஞ்சா மதர் எங்களத்தான் கேப்பாங்க. இருங்க, பேனா எடுத்துக்கறேன். பேரு சொல்லுங்க."

சொன்னேன்.

"காரணம்? சைலன்ஸ் பொத்தான் ரிப்பேர்னு போட்டுக்கட்டுங்களா?"

அவள் பாவம், எனக்கு வேலையை மிச்சப்படுத்துகிறதாக நினைத்துத்தான் கேட்டாள். பொத்தான் ரிப்பேர் என்றால் யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள். பொத்தான் செய்து கொடுப்பது வேறு கம்பெனி. முழங்கையால் இடித்து இடித்தே கெட்டுப்போயிற்று என்றுகூட யாராவது சொல்லிவிடுவார்கள். நாலு வார்மரையும் ஒரு வாரத்தில் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் உடனே பதில் சொல்லவில்லை, மதர். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அவள் இரண்டு தடவை "ஹலோ" சொன்னாள்.

"இல்லீங்க. பொத்தான் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்ற மாதிரியே எழுதுங்க. வினோதினி எழுதிய தவறான வரியால், பொத்தானை அழுத்தினால் மெஷின் நின்றுபோகலாம். நின்றாலும் திரையில் எண் தெரியும். எண்ணை நம்ப வேண்டாம். குழந்தையைத் தொட்டுப் பார்க்கவும்."

மெதுவாக எழுதினாள். பேனா நகர்கிற சத்தம்கூடக் கேட்டது.

"எழுதினதப் படிச்சுக் காட்டுங்க," என்றேன்.

"எழுதிட்டேங்க."

"படிங்க."

படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. முடித்துவிட்டு, "பொன்மலர் அக்காவும் தொட்டுப் பாத்துத்தாங்க கண்டுபிடிச்சாங்க," என்றாள். பிறகு, "அவங்க பேரு போட்ட சீட்டு இன்னும் ஷிஃப்ட் சார்ட்ல இருக்குதுங்க, நான் எடுக்கல," என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு வார்மர் கத்த ஆரம்பித்தது. எங்கள் அலாரம்தான், அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்ததுகூட நான்தான். போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள். கத்திக்கொண்டே இருந்தது. யாரும் அழுத்தவில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அப்புறம் இன்னொன்று. வீட்டில் நிமலன் புரண்டு படுத்தான். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வினாடிகளை எண்ணினேன். நூற்று அறுபதில் சத்தம் நின்றது.

சூடு சரியாகி நின்றதா, உறைந்து நின்றதா? "ஜெபராணி, ஜெபராணி" என்று போனுக்குள் கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்தாள்.

"அழுத்தினீங்களா?"

"இல்லீங்க. நீங்கதான வேண்டான்னீங்க. சென்சார் கழண்டிருந்துச்சு, ஒட்டினேன், அதுவா நின்னுச்சு."

"திரையில எண் மாறுதா? நின்ன எடத்துலயே நிக்குதா?"

"முப்பத்தாறு புள்ளி ஒண்ணு. இப்ப ரெண்டு. மாறுதுங்க."

"குழந்தையத் தொட்டீங்களா?"

"தொட்டுக்கிட்டுதாங்க நிக்கறேன்," என்றாள். "எனக்கு ஒரு கைதாங்க ஃப்ரீயா இருக்குது. நீங்க போன வெய்யுங்க."